வீதிக்கு ஒரு ஓட்டு

ஒரு நாளும் குடம் தூக்காத ஒன்பது ஆண்பிள்ளைகள் கூடி, ஊருக்கு வரப்போகிற குழாயை எங்கே வைப்பது என்று ஓட்டுப் போட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு வந்தது சிரிப்பு இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. சேலத்திலிருந்து இளம்பிள்ளை போகிற சாலையை விட்டு மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. நான் கல்யாணமாகி அங்கே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மேட்டூர் கரண்டு அதற்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடையில் ஒரு பல்பு எரியும், அதைப் பார்ப்பதற்கென்றே நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் மட்டும் கிணற்றை விட்டு நகரவில்லை. கிணறு ஊருக்குக் கிழக்கே, இரண்டு கடலைக்காடு தாண்டி இருந்தது. மழைக் காலத்தில் கயிறு போட்டுச் சேந்தலாம். கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும். சுவரோடு ஒட்டிய கல்படிகளில் இறங்கி மொண்டு, இடுப்பில் குடத்தோடு ஏறி வர வேண்டும். அந்தப் படிகளைக் கட்டியவன் குடம் தூக்குகிற பெண்ணை மனதில் வைத்துக் கட்டவில்லை. ஒரு கால் வைக்க இடம் இருக்கும், அடுத்த காலை ஆண்டவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் பிள்ளை எனக்கு அந்தப் படியில்தான் போனது. ஐந்தாம் மாதம். வழுக்கி உட்கார்ந்தேன், அவ்வளவுதான். குழாய்ப் பேச்சு வந்தபோது நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன், ஆறு மாதம். அதனால் ஊரில் மற்றவர்களுக்குக் குழாய் ஒரு வசதி என்றால், எனக்கு அது வேறு விஷயம். ஒவ்வொரு நாளும் அந்தப் படியில் கால் வைக்கும்போது வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே இறங்குவேன். அதற்காக எப்போதும் ஒரு கை குறைச்சலாக இருந்தது.

பஞ்சாயத்தில் மோட்டார் வாங்கினார்கள், பைப்பும் வாங்கினார்கள். பைப் ஒரே ஒரு குழாய்க்குத்தான் போதுமாக இருந்தது. அதை வைக்க இரண்டு இடம் சொல்லப்பட்டது. ஒன்று, எங்கள் வீதி முனையில் இருக்கிற வேப்பமரத்து முக்கு. இன்னொன்று, டீக்கடைக்கு முன்னால். டீக்கடைக்காரர் பஞ்சாயத்துப் பிரசிடெண்டின் மச்சான். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிரசிடெண்டு யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். பகை எல்லாம் அடுத்தவர் தலையில் விழுகிற மாதிரி ஏற்பாடு செய்வதில் கெட்டிக்காரர். ஊரைக் கூட்டிக் கை தூக்கச் சொன்னால் அடிதடி ஆகும் என்று சொல்லி, ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் ஒன்பது வீதி இருக்கிறது. வீதிக்கு ஓர் ஆள் வரட்டும். அந்த ஒன்பது பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லா வீதியும் சமம் என்று அவர் சொன்னபோது பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கள் வீதிக்கு நீள வீதி என்று பேர். ஊரில் பாதிக்கு மேல் வீடுகள் அதில்தான் இருந்தன. மீதி எட்டில் நாலைந்து சந்துகள்தான். அதிலும் டீக்கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஒரே ஒரு வீடு. மனைவி இறந்துபோன ஒருவர் அங்கே தனியாக இருந்தார், கூட ஓர் எருமை. நீள வீதியில் குஞ்சு குளுவானோடு குடியிருந்த அத்தனை குடும்பத்துக்கும் ஒரு ஓட்டு, அவருக்கும் எருமைக்கும் சேர்த்து ஒரு ஓட்டு.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டதும் சொன்னாள்: “எருமைக்காச்சும் அரை ஓட்டு இருக்குது அம்மிணி. நமக்கு அதுவும் இல்ல.”

உண்மைதான். டெல்லிக்கு ஆள் அனுப்புவதற்கு என் ஓட்டு வேண்டியிருந்தது. அதற்காக வண்டி கட்டி வந்து கூட்டிப் போனார்கள், விரலில் மை வைத்தார்கள். வீட்டு வாசலில் குழாய் வைப்பதற்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் வீதி ஆண்பிள்ளைகள் இந்த ஏற்பாட்டில் அநியாயம் இருப்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் நியாயம் கேட்கப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பெட்டிப் பலகைகளை உடைத்து, தார் பூசி, எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், எங்கள் நீள வீதி மூன்று வீதியாகியிருந்தது. மேல் நீள வீதி, நடு நீள வீதி, கீழ் நீள வீதி. நான் தூங்கும்போது ஒரு வீதியில் தூங்கி, எழும்போது இன்னொரு வீதியில் எழுந்தேன். மூன்று வீதிக்கு மூன்று ஓட்டு என்று கணக்கு.

எதிர்ப் பக்கத்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் அங்கேயும் பலகைகள் முளைத்தன. கோயில் வீதி, முன்வீதி, பின்வீதி என்று இரண்டாயிற்று. டீக்கடைச் சந்து, மேடு என்றும் பள்ளம் என்றும் பிரிந்தது. ஒற்றை வீட்டுச் சந்தையும் விடவில்லை. வீட்டு வாசல் முன்சந்து, மாட்டுக் கொட்டகை பின்சந்து. ஆக எருமை தனி வீதிக்குக் குடிபோனது. பின்சந்துக்கு யார் பிரதிநிதி என்று கேட்டதற்கு, “ரெண்டுக்கும் நானே வாரேனுங்க, அதுக்குப் பேச வராது” என்று அந்த மனிதர் சொன்னாராம்.

இரண்டு நாளில் எங்கள் ஊரில் வீதிகள் பட்டணத்தைவிட அதிகமாகிவிட்டன. தபால்காரர் கடிதங்களை எல்லாம் டீக்கடையில் வைத்துவிட்டு, உங்கள் வீதிகளை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். அப்புறம்தான் பிரசிடெண்டு வந்து பலகைகளைப் பிடுங்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா நடு நீள வீதியை எடுத்துப் போய்க் கோழிக் கூட்டுக்குக் கதவு போட்டாள்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மட்டும் சரியான பேச்சுப் பேசினார். வீதிக் கணக்கை விட்டுவிட்டுத் தலைக் கணக்கு எடுத்தால் என்ன என்று கேட்டார். பிரசிடெண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தலைக் கணக்குன்னா பொம்பளைத் தலையையும் எண்ணோணுமுங்களா வாத்தியாரே?”

வாத்தியார் வெளியூர்க்காரர், வாடகை வீட்டில் இருப்பவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுபடியும் ஒன்பது வீதி, ஒன்பது ஓட்டு.

எங்கள் வீதிக்கு யாரை அனுப்புவது என்று வந்தபோது எல்லாரும் என் வீட்டுக்காரரைச் சொன்னார்கள். அவர் நிலக்கடலை மண்டியில் தராசு பிடிக்கிறவர். விற்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்கள், இரண்டு பேரும் அவரை நம்புவார்கள். அதிகம் பேசமாட்டார். பேசுகிற எதற்கும் முன்னால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஒரு தரம் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஓட்டு நாளன்று காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

“வேப்பமரத்து முக்குன்னு சொல்லிப்போட்டு வாங்க,” என்றேன்.

“ம்,” என்றார்.

அவருடைய ‘ம்’முக்குப் பல அர்த்தம் உண்டு. எனக்கு வேண்டிய அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

சாவடியில் ஓட்டு. எட்டு பேர் சொல்லி முடித்தபோது நாலுக்கு நாலாக நின்றது. கடைசியாக இவர். நீள வீதிக்காரர் எங்கே போடுவார் என்று கேட்க வேண்டியதே இல்லை என்று எங்கள் ஆட்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்களாம். அப்போது இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டீக்கடை முன்னால” என்று சொன்னாராம்.

அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சேதியைச் சொல்லிவிட்டாள். நான் நம்பவில்லை. தன் வீட்டுக்காரர் தலையில் சத்தியம் செய்தாள். அதற்கும் நம்பாமல் இருந்தேன், அந்தத் தலை அவளுக்கு அவ்வளவு முக்கியமானது இல்லை. ஆனால் இவர் வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்ததும் நம்பினேன்.

“ஏனுங்க, நீங்க எந்த வீதிக்காரருங்க?”

“நம்ம வீதிதான்.”

“அப்புறம் ஏனுங்க அங்க போட்டீங்க?”

அவர் செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். பிறகு சொன்னார்: “வேப்பமரம் நம்ம ஊட்டுக்கு நேரா இருக்குது புள்ள. பொண்டாட்டிக்கு வசதியாப் பண்ணிக்கிட்டான்னு நாலு பேரு சொல்லமாட்டாங்களா? தராசு புடிக்கிறவன் நானு. தட்டுல கைய வெச்சு அழுத்திட்டான்னு பேரு வந்துபோடும்.”

தன் கை இந்தத் தட்டில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக எதிர்த் தட்டை அழுத்திவிட்டு வந்திருக்கிறார்! டீக்கடைக்காரர் கொடுத்த வடையைக்கூட வாங்கவில்லையாம், அதையும் பெருமையாகச் சொன்னார். வாங்கித் தின்றிருந்தாலாவது, இரண்டு வடைக்கு விலைபோனார் என்று மனதைத் தேற்றியிருப்பேன். இந்த மனிதர் என்னையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் சும்மாவே கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

களியும் கீரையும் போட்டு வைத்தேன். தண்ணீர் வைக்கவில்லை. பாதிக் களியில் விக்கல் வந்து டம்ளரைத் தேடினார்.

“தண்ணி டீக்கடை முன்னால வருதுங்க,” என்றேன். “போயிக் குடிச்சுப்போட்டு வாங்க.”

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீதி முனை வரைக்கும் போனேன். அதற்கு மேல் கிணற்றுப் பக்கம் கால் வரவில்லை. குழாய்க்கு இடம் காட்டுவதற்காக வேப்பமரத்தடியில் யாரோ முன்பு அடித்து வைத்திருந்த ஒரு குச்சி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அந்தக் குச்சிக்கு நேரே என் வெறுங்குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யோசித்துச் செய்தது இல்லை. கோபத்தில் எதையாவது எங்கேயாவது டொங்கென்று வைக்க வேண்டும் போல இருந்தது, வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிணற்றடியில் கூட்டமாக இருந்தால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வருடக் கணக்காகப் பேசிக்கொள்ளாத ஓரகத்திகளில்கூட ஒருத்தி குடத்தை இன்னொருத்தி நகர்த்தமாட்டாள். என் குடம் அங்கே நின்றதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டாள்.

“ஏன் அம்மிணி, கொழாய் இங்கயா வருது?”

“எனக்கு இங்கதானுங்க்கா வருது.”

அவள் உள்ளே போய்த் தன் குடத்தைக் கொண்டுவந்து என் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். அதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி வைத்தாள். வெயில் ஏறுவதற்குள் வரிசை எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. பித்தளைக் குடம், மண்குடம், அடி நசுங்கிய குடம், ஈயம் பற்றவைத்த குடம்.

அது எங்கள் வீதியோடு நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் கோயில் வீதிக் குடங்கள் வந்தன. அப்புறம் டீக்கடைச் சந்துக் குடங்களே பின்வழியாக ஒவ்வொன்றாக வந்தன. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவர்களுக்குத்தான் டீக்கடை பக்கமாயிற்றே. அந்தச் சந்தில் இருந்து வந்த ஒருத்தி பட்டென்று சொன்னாள்: “அந்தப் பெஞ்சில காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் தடித் தடியா உக்காந்திருக்கறானுங்க. அவனுங்க முன்னால எந்தப் பொம்பளை குனிஞ்சு நிமிர்றது?” ஒன்பது பேர் கூடி இத்தனை நாள் பேசியும், பெஞ்சு விஷயம் ஒருவர் புத்திக்கும் எட்டியிருக்கவில்லை. அதில் பாதிப் பேர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பவர்கள்.

சாயங்காலம் பிரசிடெண்டு பார்க்க வந்தார். வரிசையை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் விடமாட்டோம். எந்தக் குடம் எந்த வீடு என்று கழுத்தைப் பார்த்தாலே தெரியும். நடுவில் ஒரு செப்புக்குடம் தகதகவென்று நின்றது. அதற்குப் பக்கத்தில் போய் நின்று, “இது யாரு ஊட்டுக் கொடம்?” என்று அதட்டினார். குனிந்து படித்தார். அவருடைய அப்பா பேர் வெட்டியிருந்தது. குனிந்தவர் நிமிர வெகு நேரமாயிற்று.

யாரும் குடத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அடுப்பு மூட்டலாம், உலையில் வைக்கத் தண்ணீர் வேண்டாமா? வேறு குடம் இல்லையா என்று ஆண்பிள்ளைகள் கேட்டார்கள். இருந்தது, அதுவும் வரிசையில் நிற்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்காரருக்கு விளக்கமாகவே சொன்னாள்: “கொழாய் எங்கன்னு நீங்கதானுங்க முடிவு பண்ணீங்க. தண்ணியும் நீங்களே கொண்டாந்துபோடுங்க.”

அடுத்த நாள் காலை கிணற்றுப் பாதையில் ஊர் ஆண்பிள்ளைகள் நடந்த அழகை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆளுக்கு ஒரு வாளி, ஒரு மண்ணெண்ணெய் டின். குடத்தை எப்படித் தூக்குவது என்பதற்கே அங்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. ஆணுக்கு இடுப்பு எதற்கும் உதவாது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தார்கள். தோளில் தூக்கியவர்களுக்கு முதுகு நனைந்தது, கையில் தூக்கியவர்களுக்கு வேட்டி நனைந்தது, வீட்டுக்கு வந்து சேர்ந்த தண்ணீர் கொஞ்சம்தான். ஒற்றை வீட்டுச் சந்துக்காரர் மட்டும் எருமையைக் கிணற்றுக்கே ஓட்டிப் போய், தண்ணீரை அங்கேயே அதற்குக் காட்டிவிட்டு நிம்மதியாகத் திரும்பினார்.

என் வீட்டுக்காரரும் வாளியோடு போயிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் திரும்பிய பிறகும் அவரைக் காணவில்லை. கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. வாசலுக்கும் வேலிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்தார். வாளியில் பாதித் தண்ணீர், முழங்கால் சிராய்த்து ரத்தம்.

“கீழ இருந்து மூணாவது படி,” என்றார். “பாசி புடிச்சு ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்குது. அந்தப் படிதானா புள்ள?”

“ஆமாங்க. அதேதான்.”

எந்தப் படி என்று அவர் அதுவரை என்னிடம் கேட்டதே இல்லை. பிள்ளை போனபோதுகூட, விதி என்று சொன்னார்கள், அவரும் தலையாட்டினார். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலுக்கு மஞ்சள் வைத்துவிட்டேன். அன்றைக்கு டம்ளரில் தண்ணீர் வைத்தேன், ஆனால் கால் டம்ளர்தான்.

இரண்டு நாள் தாங்கினார்கள். மூன்றாம் நாள் பிரசிடெண்டு மறுபடியும் ஒன்பது பேரைக் கூட்டினார். சாவடியில் இல்லை, குடங்கள் நகரமாட்டாதே, வேப்பமரத்தடியிலேயே கூட்டினார். நாங்கள் அவரவர் குடத்துக்குப் பக்கத்தில் நின்றோம்.

வீதிக்கு ஒரு ஓட்டு என்பதை மாற்றிக் குடத்துக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் என்ன என்று யாரோ ஓர் இளவட்டம் கேட்டான். பிரசிடெண்டு அதற்குத் தயாராக இருந்தார். அப்படியானால் பத்துக் குடம் இருக்கிற வீட்டுக்குப் பத்து ஓட்டா, குயவர் வீட்டில் சூளையைப் பிரித்தால் ஊரே அவர் கையில் போய்விடாதா என்றார். கூட்டத்தில் நின்ற குயவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. முறை மாறாது, வேண்டுமானால் மறுபடியும் ஓட்டுக் கேட்கிறேன் என்று பிரசிடெண்டு முடித்தார்.

மறுபடியும் கேட்டார். முதலில் டீக்கடை என்று சொன்ன நாலு பேரும் டீக்கடை என்றே சொன்னார்கள். வாளி தூக்கித் தோள் வீங்கியிருந்தும், சொன்ன சொல்லை மாற்றினால் மீசைக்கு இழுக்கு என்று நினைத்தார்கள். வேப்பமரம் என்றவர்கள் வேப்பமரம் என்றார்கள். திரும்பவும் நாலுக்கு நாலு. திரும்பவும் என் வீட்டுக்காரர். இந்த மனிதரின் நியாயம் இன்றைக்கு எந்தத் தட்டில் போய் உட்காருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேப்பமரத்து முக்கு,” என்றார்.

டீக்கடைக்காரர் விடவில்லை. “என்ன மாப்ள, பொண்டாட்டி தண்ணி ஊத்தமாட்டேன்னு சொல்லிப்போட்டாளாக்கும்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. காது சிவந்துபோயிற்று. வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“ஆமாங்க. எம்பட ஊட்டுக்காரிக்காகத்தான் போடறேன். போன தடவை நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பாத்துப் போட்டேன். அந்த நாலு பேருல ஒருத்தனும் அவளுக்காகப் படியில எறங்கலீங்க. சொல்றவங்க சொல்லிக்கட்டும்.”

பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசினாலே கேலிதான் என்று இருந்த காலம் அது. சிரிப்பு நின்றுவிட்டது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா முழங்கையால் இடித்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், சரியாகத்தான் நினைத்தார்கள்.

வீதிக்கு ஒரு ஓட்டு என்கிற முறை மட்டும் மாறவே இல்லை. அடுத்த வருடம் ஊருக்குத் தெருவிளக்கு வந்தது. அதே ஒன்பது பேர், அதே கணக்கு. விளக்கை ஒற்றை வீட்டுச் சந்தில் வைத்தார்கள். எருமை வெளிச்சத்தில் அசைபோட்டது, நாங்கள் இருட்டில் நடந்தோம்.

குழாய் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பதாம் மாதம். மோட்டார் போட்டதும் முதலில் காற்று வந்தது, அப்புறம் துரு வந்தது, அதற்கப்புறம் தண்ணீர் வந்தது. வரிசையில் முதல் குடம் என்னுடையது. குடம் நிறைந்ததும் குனிந்தேன். எங்கிருந்தோ ஒரு கை வந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தது. மண்டியிலிருந்து பாதி வேலையில் வந்திருக்கிறார், தலையில் கடலைத் தூசி. ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, முதுகெல்லாம் நனைய முன்னால் நடந்தார்.

நான் பின்னால் நடந்தேன், இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு.